அயோடின் போன வழியே

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஒரு மருத்துவரும் ஓர் இயற்பியலாளரும் சேர்ந்து ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டார்கள். நெஞ்செலும்புக்குப் பின்னால் ஏதோ தடிப்பு இருப்பது எக்ஸ்ரேயில் நிழலாகத் தெரியும். அது என்னவென்று மட்டும் தெரியாது. ரத்தக்குழாய் வீங்கியிருக்கலாம், புற்றுக்கட்டியாக இருக்கலாம், கழுத்திலிருந்து கீழே இறங்கி வளர்ந்த தைராய்டாகவும் இருக்கலாம். நெஞ்சைத் திறந்து பார்க்காமல் இதைச் சொல்ல முடியுமா? கதிரியக்க அயோடினைக் கொஞ்சம் குடிக்கக் கொடுத்தார்கள். பிறகு கெய்கர் கருவியைக் கழுத்திலும் மார்பிலும் ஒவ்வோர் இடமாக வைத்து, எங்கே எவ்வளவு கதிர் வருகிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டே போனார்கள். மார்புக்குள் இருப்பது தைராய்டு என்றால் அயோடின் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும், எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிடும். 1948இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, உடலுக்குள் ஓர் உறுப்பு செய்யும் வேலையை வெளியிலிருந்து வரைபடமாக்கிய முதல் முயற்சிகளில் ஒன்று.

மருத்துவரின் பெயர் அன்செல். இயற்பியலாளர் ஜோசப் ரோட்பிளாட். வார்சாவில் பிறந்தவர், அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தில் சேர்ந்தவர். ஜெர்மனியிடம் குண்டு இல்லை என்று தெரிந்ததும் இனி இந்த வேலையில் தனக்கு இடமில்லை என்று போர் முடிவதற்குள்ளேயே விலகி வந்துவிட்டார். தான் கற்ற அணுவியலை நோயாளிகளுக்குப் பயன்படுத்த வேண்டும் என்று மருத்துவ இயற்பியலுக்குத் திரும்பினார். 1995இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற அதே ரோட்பிளாட்தான்.

அணு மருத்துவம் என்று இன்று பெரிய மருத்துவமனைகளில் பலகை மாட்டியிருக்கும் துறை பிறந்து வளர்ந்த இடம் கழுத்துதான். மூளையோ இதயமோ இல்லை. அதற்குக் காரணம் தைராய்டின் ஒரு குணம். உடலில் இருக்கும் அயோடினில் பெரும்பகுதியைத் தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்வது இந்தச் சின்னச் சுரப்பி ஒன்றுதான். எக்ஸ்ரே ஒரு பொருள் எவ்வளவு அடர்த்தி என்று சொல்லும், அவ்வளவுதான். அது உயிரோடு இருக்கிறதா, வேலை செய்கிறதா, எதைச் சாப்பிடுகிறது என்பதையெல்லாம் சொல்லாது. தைராய்டுக்குப் பிடித்ததையே கொடுத்து, அது போகும் வழியைப் பின்தொடர்ந்தால் என்ன? இந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாமே தொடங்கின.

கேள்வியைக் கேட்டவர் சால் ஹெர்ட்ஸ். பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் தைராய்டு பிரிவைக் கவனித்துவந்த 31 வயது மருத்துவர். 1936 நவம்பரில் எம்.ஐ.டி.யின் தலைவர் கார்ல் காம்ப்டன், ஹார்வர்டு மருத்துவப் பள்ளிக்கு வந்து, மருத்துவத்துக்கு இயற்பியல் என்ன செய்ய முடியும் என்று பேசினார். பேச்சு முடிந்ததும் ஹெர்ட்ஸ் எழுந்து, அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கம் உள்ளதாக மாற்ற முடியுமா என்று கேட்டார். காம்ப்டனிடம் கையோடு பதில் இல்லை. சில வாரங்கள் கழித்துக் கடிதம் எழுதினார்: முடியும், ஆனால் அதன் அரை ஆயுள் 25 நிமிடம்தான். ரோமில் ஃபெர்மி 1934இலேயே நியூட்ரான்களைக் கொண்டு அதைச் செய்து பார்த்திருந்தார்.

25 நிமிடம் என்றால், கால் மணி நேரம் பேசிக்கொண்டு நின்றாலே சரக்கில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இருந்தும் ஹெர்ட்ஸ் விடவில்லை. எம்.ஐ.டி.யில் ராப்ளி எவான்ஸின் ஆய்வகத்தில் ஆர்தர் ராபர்ட்ஸ் என்ற இளம் இயற்பியலாளர் ரேடியத்தையும் பெரிலியத்தையும் வைத்து நியூட்ரான் உண்டாக்கி, அயோடின்-128 தயாரித்துக் கொடுத்தார். அதை உடனுக்குடன் முயல்களுக்குச் செலுத்தினார்கள். 48 முயல்கள். சாதாரணத் தைராய்டைவிட, தூண்டிவிடப்பட்டு மும்முரமாக இயங்கும் தைராய்டு அதிக அயோடினை இழுத்தது. 1938இல் வெளியான அந்த ஆய்வு, நோய்க்கும் அயோடின் பசிக்கும் உள்ள தொடர்பை எண்ணிக்கையாக நிறுவியது.

நாட்டின் மறுகரையில், கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், இதே எண்ணத்தோடு வேறொரு மருத்துவர் இருந்தார். பெயர் ஜோசப் ஹாமில்டன். பெர்க்லியில் இயற்பியலாளர் லாரன்ஸின் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கி இருந்ததால் புதுப்புது ஐசோடோப்புகளுக்குப் பஞ்சமில்லை. 25 நிமிட அயோடினோடு அல்லாடிக்கொண்டிருந்த ஹாமில்டன், இன்னும் கொஞ்ச காலம் நிலைக்கும் அயோடின் கிடைக்காதா என்று அங்கிருந்த வேதியியலாளர் கிளென் சீபோர்கிடம் கேட்டார். எவ்வளவு காலம் வேண்டும் என்று சீபோர்க் கேட்க, ஒரு வாரம் போல இருந்தால் தேவலை என்றாராம். 1938இல் சீபோர்கும் ஜான் லிவிங்குட்டும் கண்டுபிடித்துக் கொடுத்தது அயோடின்-131. அரை ஆயுள் 8 நாள். கேட்டது கேட்டபடி கிடைப்பது விஞ்ஞானத்தில் அபூர்வம். பின்னாளில் சீபோர்கின் தாயாருக்கே தைராய்டு மிகைச் சுரப்பு நோய் வந்தபோது, இதே அயோடின்-131தான் மருந்தாகக் கொடுக்கப்பட்டது. மகன் அதைத் தன் வாழ்நாள் முழுக்க நன்றியோடு சொல்லிவந்தார்.

ஹாமில்டனும் மேயோ சோலியும் 1939இலிருந்து மனிதர்களுக்கு இதைக் குடிக்கக் கொடுத்து, கழுத்துக்கு முன்னால் கெய்கர் கருவியைப் பிடித்து, அயோடின் ஏறும் வேகத்தைக் கோட்டுப்படமாக வரைந்தார்கள். அறுவையில் எடுத்த தைராய்டுத் துண்டுகளைப் புகைப்படத் தகட்டின் மேல் வைத்து, எந்தெந்தச் செல் கூட்டம் அயோடினை வாங்கியது, எது வாங்கவில்லை என்று பார்த்தார்கள். புற்றுத் திசு பெரும்பாலும் வாங்காமல் இருந்தது. பின்னாளில் 'குளிர்ந்த கட்டி' என்று பெயர்பெற்ற விஷயத்தின் முதல் தடயம் அந்தத் தகடுகளில்தான் விழுந்தது. ஹாமில்டன் கதிரியக்கப் பொருள்களை அச்சமின்றிக் கையாண்டவர், கூட்டத்துக்கு முன்னால் தானே குடித்துக் காட்டியவர். 1957இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது ஐம்பதுகூட ஆகவில்லை.

ஹெர்ட்ஸின் கதை வேறுவிதமாக வலிக்கிறது. எம்.ஐ.டி.யில் மருத்துவத்துக்கென்றே ஒரு சைக்ளோட்ரான் வந்தபின், 1941இல் அவர் முதன்முதலாக ஒரு தைராய்டு நோயாளிக்குக் கதிரியக்க அயோடினைச் சிகிச்சையாகக் கொடுத்தார். முப்பதுக்கு நெருக்கமான நோயாளிகளைச் சேர்த்துக் கவனித்துவந்தபோது போர் அழைத்தது. 1943இல் கடற்படைக்குப் போனார். நோயாளிகளை எர்ல் சாப்மன் என்ற மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். போர் முடிந்து பார்த்தால், அவரோடு தொடக்கத்திலிருந்து இருந்த எவான்ஸும் சாப்மனும் சேர்ந்து தனியே ஒரு கட்டுரையை அமெரிக்க மருத்துவச் சங்க இதழுக்கு அனுப்பியிருந்தார்கள். இதழாசிரியர், ஹெர்ட்ஸும் ராபர்ட்ஸும் எழுதிய கட்டுரையையும் வாங்கி, 1946 மே மாதம் ஒரே இதழில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டார். சாப்மன் கொடுத்த அளவு அதிகம், கூடவே சாதாரண அயோடின் கொடுக்காததால் பலன் எதனால் வந்தது என்பதும் தெளிவு. அது உண்மைதான். ஆனால் முதல் கேள்வியும் முதல் முயலும் முதல் நோயாளியும் ஹெர்ட்ஸுடையவை. தன் பழைய மருத்துவமனைக்கு அவர் திரும்பவில்லை. 1950இல், 45 வயதில், மாரடைப்பில் இறந்தார். பாடப்புத்தகங்களில் அவர் பெயர் உரிய இடத்துக்கு வர இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன.

அதே 1946இன் டிசம்பரில் இன்னொரு கட்டுரை வந்தது, நியூயார்க்கின் மாண்டிஃபியோர் மருத்துவமனையிலிருந்து. சாமுவேல் சைட்லின் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் எழுதியது. ஒரு நோயாளிக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தைராய்டை அறுத்து எடுத்துவிட்டார்கள். இருந்தும் அவருக்குத் தைராய்டு மிகையாகச் சுரப்பவர்களின் அறிகுறிகள்: மெலிவு, படபடப்பு, நடுக்கம். சுரப்பியே இல்லாதவருக்கு இது எப்படி வரும்? கதிரியக்க அயோடின் கொடுத்து, கெய்கர் கருவியால் உடல் முழுக்கத் தேடினார்கள். எலும்பிலும் நுரையீரலிலும் போய்த் தங்கியிருந்த புற்றுக் கட்டிகள் அயோடினை வாங்கிக்கொண்டிருந்தன. கழுத்திலிருந்து புறப்பட்ட புற்று, போன இடத்திலும் தாய் உறுப்பின் வேலையை மறக்காமல் செய்துகொண்டிருந்தது. அதே அயோடினை அதிக அளவில் கொடுத்தபோது கட்டிகள் அடங்கின, நோயாளி தேறினார். தேடுவதும் தீர்ப்பதும் ஒரே பொருளால் நடந்தது. இன்று புற்றுநோய் மருத்துவத்தில் புதுமை என்று பேசப்படும் 'தெரனாஸ்டிக்ஸ்' முறைக்கு இதுதான் முன்னோடி. இதழ்கள் இதைப் பெரிய அளவில் எழுதியதால், அணுவிலிருந்து குண்டு மட்டும் வருவதில்லை என்று அமெரிக்கப் பொதுமக்களுக்கும் தெரியவந்தது.

அணுகுண்டுக்காகக் கட்டிய ஓக்ரிட்ஜ் அணு உலையிலிருந்து 1946 ஆகஸ்டில் ஐசோடோப்புகள் மருத்துவமனைகளுக்குப் போகத் தொடங்கின. சைக்ளோட்ரானில் சொட்டுச் சொட்டாகக் கிடைத்த அயோடின் இப்போது தாராளமாகவும் மலிவாகவும் கிடைத்தது. பெட்டியில் போட்டு ரயிலிலும் விமானத்திலும் அனுப்ப 8 நாள் அரை ஆயுள் போதுமானதாக இருந்தது.

சரக்கு வந்துவிட்டது. பார்க்கக் கண்தான் இல்லை. கெய்கர் கருவிக்குக் காமா கதிர்களில் பெரும்பங்கு பிடிபடாது. நூறு வந்தால் ஒன்றிரண்டைத்தான் எண்ணும். ஒவ்வோர் இடமாகக் கையால் நகர்த்துவதென்றால் மருத்துவரும் நோயாளியும் ஓய்ந்துபோவார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் பெனடிக்ட் காசன் என்ற இயற்பியலாளர் இதற்கு வழி கண்டார். கதிர் பட்டால் மினுக்கும் கால்சியம் டங்ஸ்டேட் படிகம் ஒன்றை எடுத்து, அந்த மினுக்கை எண்ணும் குழாயோடு இணைத்தார். அதை மோட்டாரில் பூட்டி, கழுத்தின் மேல் இடமிருந்து வலமாக ஒரு வரி, சற்றுக் கீழிறங்கி வலமிருந்து இடமாக அடுத்த வரி என்று ஓடவிட்டார். கருவியோடு சேர்ந்து நகரும் அச்சு முனை, குறிப்பிட்ட எண்ணிக்கை வந்ததும் காகிதத்தில் ஒரு புள்ளி குத்தும். கதிர் அதிகமுள்ள இடத்தில் புள்ளிகள் நெருங்கி விழும், இல்லாத இடம் வெள்ளையாக நிற்கும். நோயாளி மல்லாந்து படுத்து, கழுத்தை உயர்த்தி, விழுங்காமல் அசையாமல் கிடக்க வேண்டும். நிமிடங்கள் கரையக் கரைய, காகிதத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி இறகு விரிப்பதுபோலத் தைராய்டு உருவெடுக்கும். 1951இல் அந்தக் கருவி பற்றிய கட்டுரை வெளியானது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு உலகின் அணு மருத்துவக் கூடங்களில் டக் டக்கென்று ஒலித்தது இதன் வாரிசுகள்தாம்.

அந்தப் புள்ளிப் படங்கள் ஒரு புதிய பேச்சு வழக்கையே கொண்டுவந்தன. கட்டி இருக்கும் இடத்தில் புள்ளிகள் அடர்ந்தால் 'சூடான கட்டி', வெறுமையாக இருந்தால் 'குளிர்ந்த கட்டி'. சூடான கட்டி புற்றாக இருப்பது மிக அரிது. குளிர்ந்தது புற்றாக இருக்கலாம். இந்த 'லாம்' என்ற விகுதியை விட்டுவிட்டதால் ஏற்பட்ட துன்பம் கொஞ்சமில்லை. குளிர்ந்த கட்டிகளில் பெரும்பாலானவை நீர்க்கட்டியோ தீங்கில்லாத முடிச்சோதான். புற்று சிறுபான்மை. ஆனாலும் 'குளிர்ந்தது' என்று அறிக்கையில் வந்தாலே கத்தியை எடுக்கும் வழக்கம் பல நாடுகளில் நீண்ட நாள் இருந்தது. தேவையில்லாமல் தைராய்டை இழந்து, ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்கியவர்கள் ஏராளம். ஸ்வீடனில் வளர்ந்த மெல்லிய ஊசிப் பரிசோதனையும், பிறகு வந்த அல்ட்ராசவுண்டும்தான் இதை மாற்றின. இன்று கழுத்தில் கட்டி என்று போனால் முதலில் அல்ட்ராசவுண்டும் ஊசியும்தான். ரத்தத்தில் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன் குறைந்திருந்தால் மட்டுமே அணு ஸ்கேனுக்கு அனுப்புகிறார்கள். ஸ்கேன் ஒரு திசுவின் பசியைத்தான் சொல்கிறது, அதன் குணத்தைச் சொல்வதில்லை. இந்தப் பாடம் துறையின் தொடக்கத்திலேயே கிடைத்தும், ஒவ்வொரு புதிய மருந்து வரும்போதும் மறுபடி கற்க வேண்டியிருந்திருக்கிறது.

ஸ்கேனின் அருமை முழுதாகத் தெரியும் இடம் ஒன்று உண்டு. ஒரு சிறுமிக்கு நாக்கின் அடியில், தொண்டைக்கு அருகே, சிவந்த உருண்டையான கட்டி. விழுங்கச் சிரமம், குரலும் மாறியிருக்கிறது. வெட்டி எடுத்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். கரு வளரும்போது தைராய்டு உருவாவது நாக்கின் வேரில்தான். அங்கிருந்து கழுத்துக்கு இறங்கி வர வேண்டியது சிலருக்கு அங்கேயே நின்றுவிடுகிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் நாக்கின் வேர் பளிச்சென்று தெரியும், கழுத்து இருண்டிருக்கும். உடலில் இருக்கும் ஒரே தைராய்டு அந்தக் கட்டிதான். இது தெரியாமல் வெட்டியெடுத்து, பிறகு குழந்தை மந்தமாகி வளர்ச்சி குன்றியதைக் கண்டு உண்மையை உணர்ந்த நிகழ்வுகள் பழைய மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

கதிரியக்க அயோடின் மலையேறியதும் உண்டு. 1951இல் பாஸ்டனிலிருந்து மருத்துவர் ஜான் ஸ்டான்பரி தன் குழுவோடு அர்ஜென்டினாவின் மெண்டோசாவுக்குப் போனார். ஆண்டிஸ் மலையடிவாரத்தில் ஊர் ஊராக முன்கழுத்துக் கழலை. குழு கொண்டுபோன அயோடின்-131ஐக் கொடுத்துப் பார்த்தபோது, அந்த மக்களின் தைராய்டுகள் கிடைத்ததையெல்லாம் ஆவேசமாக இழுத்துக்கொண்டன. உணவில் அயோடின் இல்லாத பஞ்சத்தால்தான் சுரப்பி வீங்குகிறது என்பது எண்களில் நிரூபணமாயிற்று. இமயமலையடிவாரத்தில் வி. ராமலிங்கசாமியும் அவரோடு பணிபுரிந்தவர்களும் செய்த ஆய்வும் இதையேதான் காட்டியது. அவர் 1956இல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய உப்புச் சோதனை புகழ்பெற்றது. ஒரு பகுதிக்கு அயோடின் கலந்த உப்பு, இன்னொரு பகுதிக்குச் சாதா உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு போன ஊர்களில் கழலை குறைந்துகொண்டே வந்தது. இன்று மளிகைக் கடையில் வாங்கும் உப்புப் பொட்டலத்தில் 'அயோடின் கலந்தது' என்று அச்சிட்டிருப்பதற்குப் பின்னால் அந்தப் பள்ளத்தாக்கு இருக்கிறது.

கழுத்தின் மேல் வரிவரியாக ஓடும் கருவிக்குப் போட்டி பெர்க்லியிலிருந்து வந்தது. ஹால் ஆங்கர் 1950களின் பிற்பகுதியில் செய்துகாட்டிய காமா கேமரா நகர வேண்டியதில்லை. அகன்ற ஒற்றைப் படிகத்தின் பின்னால் பல எண்ணுங்குழாய்களை நிறுத்தி, மினுக்கு விழுந்த இடத்தைக் கணித்து, முழுப் பரப்பையும் ஒரே நேரத்தில் படமாக்கியது. அதற்கு ஏற்ற கதிர் வேண்டும். அயோடின்-131இன் கதிர் வீரியம் அதிகம், கூடவே வரும் பீட்டா கதிர் திசுவைச் சுடும். பொருத்தமான பொருள் நியூயார்க்கின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 1950களின் இறுதியில் தயாரானது: டெக்னீஷியம்-99எம். அரை ஆயுள் 6 மணி நேரம். 66 மணி நேர அரை ஆயுள் கொண்ட மாலிப்டினத்தை ஒரு குழாயில் அடைத்து வைத்தால், அதிலிருந்து டெக்னீஷியம் ஊறிக்கொண்டே இருக்கும். காலையில் உப்புநீரை ஊற்றி வடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆய்வகத்தில் இதைப் பசு என்றும், வடிப்பதைக் கறப்பது என்றும் சொல்வார்கள். வால்டர் டக்கரும் மார்கரெட் கிரீனும் செய்த அந்தப் பசுவை மருத்துவர்களிடம் கொண்டுசேர்க்க பவல் ரிச்சர்ட்ஸ் மிகவும் பாடுபட்டார். தொடக்கத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று உலகில் எடுக்கப்படும் அணு ஸ்கேன்களில் பெரும்பாலானவை டெக்னீஷியத்தால்தான்.

டெக்னீஷியம் தைராய்டோடு நிற்பதில்லை. காதின் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கும் போகும். எலுமிச்சைச் சாற்றை நாக்கில் விட்டதும் சுரப்பி அதை வாய்க்குள் தள்ளிவிடுகிறதா என்று திரையில் பார்க்கலாம். அங்கே வரும் கட்டிகளில் வார்த்தின் கட்டி என்ற தீங்கற்ற வகை மட்டும், சுரப்பி காலியான பிறகும் ஒளிர்ந்துகொண்டே நிற்கும். முதியவர் ஒருவரின் தாடைக்குப் பின்னால் இருக்கும் வீக்கத்தை வெட்டாமலே அடையாளம் காண இது உதவியிருக்கிறது. தைராய்டின் பின்னால் பயறளவில் ஒட்டிக்கிடக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகளின் கதையும் உண்டு. அவற்றில் ஒன்று பெருத்தால் எலும்பிலுள்ள சுண்ணாம்பு ரத்தத்துக்கு வந்துவிடும், சிறுநீரகத்தில் கல் சேரும். எந்த ஒன்று என்று தெரியாமல், கழுத்தின் இருபுறமும் திறந்து நான்கையும் தேடுவதுதான் அறுவை மருத்துவர்களின் வழக்கமாக இருந்தது. 1989இல், இதயத்துக்காகத் தயாரித்த செஸ்டமிபி என்ற டெக்னீஷியம் மருந்து பெருத்த பாராதைராய்டிலும் தங்குவதை இங்கிலாந்துக் குழு ஒன்று கவனித்தது. தைராய்டிலிருந்து அது கழுவிப் போனபின்னும் கட்டியில் நிற்கும். அதன் பிறகு பலருக்கு ஒரு பக்கத்தில் சின்னக் கீறலோடு வேலை முடிந்தது.

இந்தியாவில் இந்தத் துறை வேர்விட்டது மும்பையில். 1956 ஆகஸ்டில் டிராம்பேயில் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. 1963இல் அணுசக்தித் துறை பரேலில், டாடா நினைவு மருத்துவமனையை ஒட்டி, கதிரியக்க மருத்துவ மையத்தைத் திறந்தது. டில்லியில் பாதுகாப்புத் துறையின் நிறுவனம் ஒன்றும் ஏறக்குறைய அதே காலத்தில் அணு மருத்துவத்தைக் கற்பிக்கத் தொடங்கியது. பரேலில் முதல் நாளிலிருந்தே பெரும்பகுதி வேலை தைராய்டுதான். மேலைநாடுகளிலிருந்து விலைக்கு வாங்கி வந்திருந்தால் சாதாரண மக்களுக்கு எட்டாமலே போயிருக்கக்கூடிய மருந்து, உள்நாட்டு உலையில் தயாரானதால் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பவருக்கும் கிடைத்தது. நாட்டின் முதல் பெட் ஸ்கேன் கருவியும் 2002இல் அங்கேதான் நிறுவப்பட்டது.

பெட் ஸ்கேனுக்கு அடிப்படை இன்னொரு பசி. புற்றுச் செல்கள் சர்க்கரையை அளவுக்கு மீறி விழுங்குகின்றன என்று ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டிருந்தார். சர்க்கரையோடு கதிரியக்க ஃபுளோரினைச் சேர்த்த எஃப்.டி.ஜி. என்ற மருந்தை 1976இல் புரூக்ஹேவனில் தட்சுவோ இடோவும் சகாக்களும் தயாரித்தார்கள். அரை ஆயுள் 110 நிமிடம். அந்த ஆகஸ்டில் அதை விமானத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்கு அவசரமாகக் கொண்டுபோய்த் தன்னார்வலர்களின் மூளையைப் படமெடுத்தார்கள். 1998இல் டேவிட் டவுன்செண்டும் ரானல்ட் நட்டும் பெட்டையும் சி.டி.யையும் ஒரே கருவியில் இணைத்துப் பிட்ஸ்பர்க்கில் இயக்கிக் காட்டினார்கள். வேறெந்த இடத்தைவிடவும் கழுத்துக்கு இந்த இணைப்பு தேவைப்பட்டது. ஒரு கையகல இடத்தில் ரத்தக்குழாய், நரம்பு, தசை, சுரப்பி, நிணநீர்க் கணு என்று அத்தனையும் நெருக்கியடித்துக் கிடக்கும்போது, ஒளிரும் புள்ளி எதில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் அறுவை மருத்துவருக்கு அதனால் பயனில்லை.

எஃப்.டி.ஜி. செலுத்தியதும் நோயாளியை அரையிருட்டான அறையில் போர்வை போர்த்திப் படுக்க வைப்பார்கள். பேசக் கூடாது, செல்போன் கூடாது, எதையும் மெல்லக் கூடாது. பேசினால் குரல்வளைத் தசைகள் சர்க்கரையை வாங்கிக்கொண்டு ஒளிரும், மென்றால் தாடைத் தசை ஒளிரும். குளிரில் நடுங்கினால் கழுத்தடியிலுள்ள பழுப்புக் கொழுப்பு எரிந்து, கணுவோ என்று மயக்கும். இன்னும் நுட்பமான பொறி ஒன்று: ஒரு பக்கக் குரல்நாண் செயலிழந்திருந்தால், மறுபக்கத்து நல்ல குரல்நாண் இரட்டிப்பு வேலை செய்து பளிச்சிடும். நோய் எந்தப் பக்கம் என்று தெரியாதவர் நல்லதைக் கெட்டது என்று எழுதிவிடுவார். நம் ஊர்களில் இதற்கெல்லாம் மேலே காசநோய் இருக்கிறது. கண்டமாலையால் நெறி கட்டிய கழுத்து, புற்று பரவிய கழுத்தைப் போலவே எஃப்.டி.ஜி.யை வாங்கி ஒளிரும். ஊசிப் பரிசோதனை இல்லாமல் இதைப் பிரித்துச் சொல்வது கடினம்.

ஒளிர்வது எதுவும் குற்றவாளி என்று அர்த்தமில்லை என்றாலும், ஒளிராமல் இருப்பதற்குப் பெரிய மதிப்பு உண்டு. கழுத்துக் கணுக்களுக்குப் பரவிய புற்றுக்குக் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்து முடித்தபின், எதற்கும் இருக்கட்டும் என்று கணுக்களை வெட்டியெடுப்பது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. தோள் தூக்க முடியாமல் போவதும் கழுத்து இறுகிப்போவதும் அதன் பின்விளைவுகள். பிரிட்டனில் 564 நோயாளிகளை இரு பிரிவாக்கி ஓர் ஆய்வு நடந்தது, 2016இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு அந்த அறுவையைத் திட்டமிட்டார்கள். மறு பிரிவுக்கு 12 வாரம் கழித்துப் பெட்-சி.டி. எடுத்து, சந்தேகம் இருந்தால் மட்டும் அறுவை. முதல் பிரிவில் 221 அறுவைகள், இரண்டாம் பிரிவில் 54. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் முறையே 81.5, 84.9 சதவீதம். ஸ்கேனை நம்பியவர்களுக்கு இழப்பு ஏதும் இல்லை.

வாய்ப்புற்று மலிந்த இந்தியாவின் கேள்வி இதிலிருந்து சற்று வேறு. நாக்கிலோ கன்னத்திலோ சிறிய புற்று, கழுத்தில் கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. கணுக்களை இப்போதே எடுப்பதா, வந்தால் பார்த்துக்கொள்வதா? மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2015இல் விடை சொன்னது: முதலிலேயே எடுத்தவர்களில் 80 சதவீதம் பேர் மூன்று ஆண்டுகளுக்குப் பின் உயிரோடு இருந்தார்கள், காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். எடுப்பதே நல்லது. ஆனால் அப்படி எடுத்தவர்களிலும் ஏறக்குறைய பத்தில் மூன்று பேருக்குத்தான் கணுவில் புற்று இருந்தது. மீதி ஏழு பேரின் கழுத்தைத் திறந்தது வீண். இவ்வளவு சின்னப் பரவலைப் பெட் ஸ்கேனாலும் காண முடியாது.

இங்கே பழைய கெய்கர் முறை வேறு வடிவத்தில் திரும்பியிருக்கிறது. நாக்கிலுள்ள கட்டியைச் சுற்றி டெக்னீஷியம் கலந்த மருந்தை ஊசியால் ஏற்றுகிறார்கள். அது நிணநீரோடு வழிந்து முதலில் எந்தக் கணுவில் நிற்கிறதோ, புற்றும் முதலில் அங்கேதான் போயிருக்கும். அறுவை அறையில் பேனா போன்ற கருவியைக் கழுத்தின் மேல் நகர்த்தி, சத்தம் கூடும் இடத்தில் சின்னக் கீறல் போட்டு, அந்தக் கணுவை மட்டும் எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். புற்று இல்லையென்றால் மற்றவற்றைத் தொடுவதில்லை. பிரான்சிலும் ஜப்பானிலும் நடந்த ஆய்வுகள் இந்த முறை முழு அறுவைக்குச் சளைத்ததில்லை என்று காட்டியிருக்கின்றன. சிக்கல் வாயின் அடித்தளத்துப் புற்றில்தான். ஊசி போட்ட இடமும் முதல் கணுவும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் இருப்பதால், ஊசி போட்ட இடத்தின் கதிர் வெள்ளத்தில் கணுவின் கதிர் மூழ்கிவிடுகிறது. ஊசி போட்ட இடத்திலிருந்து சீக்கிரம் வடிந்து, கணுவில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் டில்மனோசெப்ட் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2014இல் வாய்ப்புற்றுக்கு அனுமதி கொடுத்தது. விலை கட்டுப்படியாகாத மருத்துவமனைகளில் இன்றும் பழைய கொலாய்டு மருந்தைக் கொண்டுதான் தேடுகிறார்கள்.